நம் பட்டாம்பூச்சிப் பட்டியலில், சில வகைச் செடிகளை மட்டுமே தின்னும் 'ஒலிகோபேகஸ்' (oligophagous) புழுவுக்குத் தமிழில் என்ன சொல்?

> 'சிலவுண்ணி' என்றே வைக்கலாமே? ஒருவுண்ணி, சிலவுண்ணி, பல்லுண்ணி என்று வரிசையும் ஒத்துவருகிறது.

வணக்கம் ஐயா. வரிசை சரி, பொருள் இடிக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்குமே, அந்த எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் இளம்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, வில்வம், நாரத்தை, எலுமிச்சை எல்லாம் தின்னும். பக்கத்துக் கொய்யா எவ்வளவு தழைத்திருந்தாலும் தொடாது. எலுமிச்சை வகைகளே ஏராளம் என்பதால் இதைச் 'சில' என்று அடக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன நான்கும் ஒரே தாவரக் குடும்பம். எனவே எண்ணிக்கையை விட்டு உறவைப் பிடிப்போம்: 'ஒருகுடும்பத் தீனிப் புழு'. 'குலவுண்ணி' என்றும் யோசித்தேன், தன் குலத்தையே தின்பது போல் இருக்கிறது! தவிர, உண்ணி என்றால் எங்கள் ஊரில் மாட்டுக் காதில் ஒட்டியிருப்பது.

> எண்ணிக்கையை விட்டு உறவைப் பிடிப்போம்

அம்மா, உறவும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சியின் புழு அரளியையும் தின்னும், ஆலிலையையும் தின்னும். குடும்பம் வேறு வேறு, இரண்டுக்கும் பொது பால்தான். அரளியில் ஏறினால் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பால் வரத்தை நிறுத்திவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்காரும்.

முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளிடம் இது இன்னும் தெளிவு. வெர்சாஃபெல்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1910இல், அந்தப் புழுக்கள் சீண்டாத இலைகளில் கடுகுக் குடும்பச் செடிகளின் காரத்துக்குக் காரணமான சினிக்ரின் என்ற வேதிப்பொருளைத் தடவி வைத்தார். தின்றுவிட்டன. புழு தேடுவது குடும்பத்தை அல்ல, அந்தக் காரத்தை. ஆகவே 'ஒருசுவைத் தீனி' என்பது என் பரிந்துரை.

> ஒருசுவைத் தீனி

சொல் அழகாக இருக்கிறது ஐயா, பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் களத்தில் நோட்டும் கையுமாக நிற்கும் மாணவர் செடியின் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார், சுவையை எப்படிச் சோதிப்பார்? பட்டியலுக்கு 'ஒருகுடும்பத் தீனி', காரணத்தை விளக்கும் பத்திக்கு உங்கள் சொல் என்று வைத்துக்கொள்ளலாமா? வெண்புள்ளிக் கருப்பன் 'பல்குடும்பத் தீனி'க்குப் போகட்டும். ஆடுதீண்டாப்பாளையையும் அதன் நெருங்கிய இனங்களையும் விட்டுப் பெரும்பாலும் விலகாத ரோஜா அழகிகளுக்கு 'ஒருபேரினத் தீனி' சரியாக வரும்.

இன்னொன்று: கூட்டுப்புழு குரங்கு முகம் போலிருக்கும் ஏப்ஃபிளை (Apefly) பட்டாம்பூச்சியை மறந்துவிட்டோம். அதன் புழு தின்பது மாவுப்பூச்சியை. மாவுப்பூச்சி எந்தச் செடியில் இருந்தாலென்ன, அதற்குக் கவலையில்லை. 'பூச்சித்தீனி' என்று தனிவரி போட்டுவிடுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.