நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, லெதர் கோரல் விரியவே இல்லை

உப்புத்தொட்டி:
வணக்கம். என் கடல்மீன் தொட்டியில் தண்ணீர் மட்டும் 120 லிட்டர், எட்டு மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு லெதர் கோரல் (தோல் மாதிரி இருக்கும் மென்பவளம்), கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம் பவளங்கள். லெதர் பத்து நாளாகச் சுருங்கியே கிடக்கிறது, மேலே மெழுகு பூசிய மாதிரி ஒரு பளபளப்பு. ஜோவாவும் வெளுத்து வருகிறது. உப்பு 1.025, கேஎச் (காரத்தன்மை) 8, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0. நுரையால் கழிவை எடுக்கும் ஸ்கிம்மர் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்), கார்பன் இரண்டும் உண்டு. கடையில் அமினோ அமிலம், அயோடின், ஃபைட்டோ (மிதக்கும் நுண்பாசி) மூன்றையும் ஊற்றச் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

அலைமேடு:
எதையும் ஊற்றாதீர்கள், முதலில் ஜிஎஃப்ஓவை வெளியே எடுங்கள். இந்தக் கோரல்களுக்குப் பெரும்பாலும் சாப்பாடு போடுவது அவற்றின் உடம்புக்குள் இருக்கும் பாசிதான், வெளிச்சத்தில் அது சர்க்கரை செய்து கொடுக்கிறது, ஆனால் அந்தப் பாசிக்கே நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டுமே, தண்ணீரில் இரண்டும் இல்லாமல் போனால் ஜோவா வெளுக்கத்தான் செய்யும். மீனுக்கு இரண்டு வேளை தீனி போடுங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள், ஆக்சிஜன் குறைவது அப்போதுதான். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நல்லது. பூஜ்யத்திலேயே விட்டுவைத்தால் டைனோ என்ற நுண்ணுயிர் வரும், மணல்மேல் குமிழ்குமிழாகப் பழுப்புக் கூழ் படரும், அதை ஒழிப்பது பெரும்பாடு.

லெதர் தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டம் நன்றாகப் படட்டும்.

பவளத்திட்டு:
அண்ணா சொன்னதே சரி. எனக்குத் தீனியைக் கூட்டியும் ஒரு மாதம் நைட்ரேட் ஏறவில்லை, அப்புறம் பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் போனேன். உரக்கடையில் வாங்காதீர்கள், ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 10 கிராமைக் கரைத்து ஆர்ஓ தண்ணீரால் 1 லிட்டர் ஆக்கிக்கொண்டால், உங்கள் தொட்டிக்கு 20 மில்லி ஊற்றும்போது நைட்ரேட் சுமார் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) கூடும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம், தினமும் டெஸ்ட் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பாஸ்பேட் முதலில் 0 என்றே காட்டும், பாறை உறிஞ்சிக்கொள்ளும், பொறுமை வேண்டும்.

கார்பனை எடுக்காதீர்கள், லெதர் வெளியிடும் ரசாயனத்தை இழுப்பது அதுதான். அயோடின் டெஸ்ட் பண்ணாமல் ஊற்றவே கூடாது, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் உப்பிலிருந்தே கிடைத்துவிடும். ஃபைட்டோவை நம்பி வாழ்வது உடம்பில் பாசி இல்லாத டெண்ட்ரோநெஃப்தியா போன்ற பவளங்கள், உங்களிடம் அது இல்லை. மஷ்ரூமுக்கு வேண்டுமானால் வாரம் ஒருமுறை நசுக்கிய இறால் துணுக்கு கொடுங்கள்.

உப்புத்தொட்டி:
12 நாள் ஆயிற்று. நைட்ரேட் 4, பாஸ்பேட் 0.03. லெதரின் தோல் நேற்று கழன்றது, காலையில் பார்த்தால் பாதிப் பாலிப்கள் (பூ மாதிரிச் சின்ன உயிர்கள்) வெளியே வந்திருக்கின்றன. ஜோவா இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. நைட்ரேட் ஊற்றுவதை இப்போதே நிறுத்தலாமா?

பவளத்திட்டு:
5 வந்ததும் நிறுத்திவிட்டு மூன்று நாள் டெஸ்ட் பாருங்கள். இறங்காமல் நின்றால் தீனியே போதும். ஜோவாவுக்கு நிறம் திரும்பச் சில வாரம் ஆகும், அதுவரை லைட்டைக் கூட்டாதீர்கள்.