மேக்னெட்டோசோம்: தமிழில் என்ன? (திங்கள் வகுப்புக்கு வேண்டும்)

ம.தே., வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கள் காலை தமிழ்வழி மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் வகுப்பு. ‘மேக்னெட்டோசோம்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். சில பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த இரும்பை உள்ளே இழுத்து, மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடுப் படிகங்களாக வளர்த்துக்கொள்கின்றன. ஒரு படிகம் 35 முதல் 120 நானோமீட்டர் வரை இருக்கும், மேலே மெல்லிய கொழுப்புச் சவ்வு. சவ்வும் படிகமும் சேர்ந்ததுதான் மேக்னெட்டோசோம். பத்து இருபது சேர்ந்து சரமாக நின்றால் திசைகாட்டி முள் மாதிரி. 1963-ல் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் சால்வதோரே பெல்லினி இந்த பாக்டீரியாக்களைக் கண்டார். ஆனால் 1975-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் இவற்றைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

போன வாரம் குளத்துச் சேற்றைப் பாட்டிலில் அள்ளிவந்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பக்கத்தில் காந்தத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சொட்டின் ஒரு விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கூட்டம். காந்தத்தைத் திருப்பினால் அத்தனையும் மறுகரைக்கு ஓட்டம். பிள்ளைகள் நாலு முறை திருப்பச் சொன்னார்கள். இதற்குத் தமிழில் பெயரில்லாமல் எப்படி?

க. (யாழ்ப்பாணம்)

நாங்கள் குரோமோசோமை நிறமூர்த்தம் என்றுதான் படித்தோம். அதே வழியில் காந்தமூர்த்தம். பிரச்சினை முடிந்தது.

இரா.

முடியவில்லை அக்கா. எங்கள் ஊரில் மூர்த்தம் என்றால் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது. இங்கே குரோமோசோமுக்கு நிறப்புரி என்றும் எழுதினோம், அதுவும் பாதிதான் ஓடியது. காந்தமணி என்று வைக்கலாமே. சரத்தில் கோத்தது மணி, நெல்லும் மணி. ‘நானோ’ என்றே எழுதுவதா, ‘மீநுண்’ என்று தமிழாக்குவதா என்ற சண்டையே இதில் வராது.

வே.

தம்பி இரா., ‘காந்தம்’ மட்டும் தமிழா? வடமொழியில் அயஸ்காந்தம், அதாவது இரும்பின் காதலன். அதைச் சுருக்கியதுதான் நம் காந்தம் என்பார் ஒரு சாரார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோறு காந்துகிறது, வயிறு காந்துகிறது, காந்தள் தீப்போல் பூக்கிறது. ‘காந்து’ என்ற வேர் நம்மிடமே இருக்க, கடன் எதற்கு?

இரா.

ஐயா, காந்தம் எங்கே சுடுகிறது?

ம.தே.

சுடும்! வேகமாக மாறும் காந்தப்புலத்தில் வைத்தால் இந்தப் படிகங்கள் சூடேறும். அந்தச் சூட்டால் புற்றுக்கட்டியை அழிக்க முடியுமா என்று எலிகளில் சோதித்திருக்கிறார்கள். வே. ஐயாவின் வேர் தற்செயலாக உயிர் பிழைத்தது. ஆனால் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

வே.

தற்செயல் என்று ஏன் சொல்கிறீர்கள் அம்மா? அப்புறம், இந்த பாக்டீரியாவைச் சிலர் ‘காந்தநாட்ட பாக்டீரியா’ என்று எழுதுகிறார்கள். நாட்டம் என்றால் விருப்பம். இதில் விருப்பம் எங்கே வந்தது?

ப.

சரியான கேள்வி. செத்த பாக்டீரியாவும் காந்தப்புலத்தில் திரும்பி நிற்கும், நீந்தாது, அவ்வளவுதான். திருப்புவது காந்தம், நீந்துவது உயிர். பூமியின் வடபாதியில் காந்தப் புலக்கோடுகள் சாய்ந்து கீழே இறங்குவதால், அவற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தினால் ஆக்சிஜன் குறைந்த சேற்றுக்கு வழி எளிதாகிறது. அது அவற்றுக்குப் பிடித்த இடம். காந்தம் அவற்றின் ஆசையன்று.

வே.

சிவஞானபோதம் ஐந்தாம் சூத்திரத்தில் ‘காந்தம் கண்ட பசாசம்’ வருகிறதே! பசாசம் என்றால் இரும்பு. காந்தத்தின் முன்னால் இரும்பு தானாக அசைவதில்லை, அசைக்கப்படுகிறது. செத்த பாக்டீரியாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘பசாச நுண்ணுயிரி’ என்றாலென்ன?

க.

ஐயா, பிள்ளைகள் அதைப் பிசாசு என்று வாசிப்பார்கள்.

நா. (திருநெல்வேலி)

இடையில் ஒன்று. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில்தான் போகிறது. ராக்கெட் விடத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான், முதல் ராக்கெட் போனதும் பெல்லினியின் அதே 1963-ல். நடுக்கோட்டில் புலக்கோடுகள் கிடையாகக் கிடக்கும். அப்படியானால் எங்கள் ஊர்க் குளத்து பாக்டீரியாவுக்குக் கீழே போக வழிகாட்ட ஆளில்லை. பிரேசிலில் நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் வடக்கு நோக்குபவை, தெற்கு நோக்குபவை இரண்டும் கலந்தே கிடைத்தனவாம். எங்கள் தாமிரபரணியிலும் ஒரு பாட்டில் அள்ளிப் பார்க்கவேண்டும்.

ப.

அள்ளுங்கள், ஆனால் சொல்லுக்கு வருவோம். காந்தமணிக்கு என் எதிர்ப்பு: மணி என்றால் படிகம் மட்டும்தான். சவ்வு எங்கே போயிற்று? உண்மையில் முதலில் உருவாவது சவ்வுப்பைதான், படிகம் அதற்குள்ளேதான் பிறகு வளர்கிறது. ஆய்வகத்தில் பயன் தருவதும் பெரிதும் இந்தச் சவ்வே. இது இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை. இதிலுள்ள புரதங்களில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) கோத்துவிட்டால், வேண்டிய செல்லை மட்டும் பிடித்துக் காந்தத்தால் ஒதுக்கலாம், டிஎன்ஏவையும் பிரித்தெடுக்கலாம். எம்ஆர்ஐ படத்தைத் துலக்கும் பொருளாகவும் ஆராய்கிறார்கள். வேதியியலில் செய்த மேக்னடைட்டுக்கு இப்படி ஓர் உறையை வெளியிலிருந்து தனியாகப் பூசவேண்டும், இதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆகவே ‘காந்தச்சிமிழ்’. குங்குமச்சிமிழ் தெரியாத பிள்ளை உண்டா?

இரா.

உண்டு. என் மகள் சிமிழைப் பார்த்ததே இல்லை, ஸ்டிக்கர் பொட்டுதான். அதுவும் சிமிழைத் திறந்து மூடலாம். இதைத் திறக்க முடியுமா?

ப.

உப்புமணியை எண்ணிப் பார்த்துத்தான் சமைக்கிறீர்களா? உவமையை இழுத்தால் எதுவும் கிழியும்.

க.

என் பக்கம் ஒருவரும் இல்லை என்று விளங்குகிறது. காந்தமணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாடநூலுக்கு எழுதும்போது நான் மூர்த்தம் என்றுதான் எழுதுவேன்.

ம.தே., திங்கள் பிற்பகல்

நேற்றிரவு வரை எண்ணினேன்: மணிக்கு ஐந்து பேர், சிமிழுக்கு இரண்டு, மூர்த்தத்துக்கு ஒன்று, வே. ஐயா எதற்கும் இல்லை. பலகையில் காந்தமணி என்று எழுதினேன், பக்கத்தில் அடைப்புக்குள் மேக்னெட்டோசோம். ஒரு பையன் எழுந்து, “மேடம், மணி எத்தனை?” என்றான். வகுப்பு மொத்தமும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது. அவன் கேட்டது ஒரு பாக்டீரியாவில் எத்தனை என்று.

ப.

சிமிழ் என்றிருந்தால் யாரும் கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வே.

அம்மா, ‘காந்து’ வேரைப் பற்றி நேற்று எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. மூன்று பகுதியாக அனுப்புகிறேன். முதல் பகுதி இன்றிரவு.