மனைவிக்கு எல்டிவிபி: பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), சிபிஎஃப், வரி நோட்டீஸ் மூன்றிலும் மூன்று தொகை

ஈசூன்வாசி:
வணக்கம். நான் சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசி), வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மனைவி தஞ்சாவூரில் இருக்கிறார். ஐசிஏவில் (குடிநுழைவு ஆணையம்) அவருக்கு நீண்டகால வருகை அனுமதி (எல்டிவிபி) கேட்டு விண்ணப்பம் போடப்போகிறேன். அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி, ஷிஃப்ட் அலவன்ஸ் மாதாமாதம் 400, ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) ஏறி இறங்கும். இந்தக் கம்பெனியில் ஐந்து மாதம்தான். சிபிஎஃப்பில் (மத்திய சேமநிதி) ஏறும் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் சம்பளம் 2,600 வெள்ளிகூட வரவில்லை. வருமான வரி நோட்டீஸில் உள்ள 54,000ஐ 12ஆல் வகுத்தால் 4,500. எதைக் காட்டுவது? 6,000 வெள்ளி இல்லாவிட்டால் போடவே வேண்டாம் என்கிறார்கள், உண்மையா?

சம்பளக்கணக்கர்:
அந்த 6,000 உங்களுக்கு இல்லை தம்பி. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் (வெளிநாட்டினருக்கான வேலை அனுமதிகள்) வைத்திருப்பவர்கள் மனைவி பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் எடுக்க மனிதவள அமைச்சு வைத்திருக்கும் வரம்பு அது. பெற்றோரை அழைக்க 12,000. பிஆர் மனைவிக்குப் பார்ப்பது ஐசிஏ. அவர்கள் இத்தனை வெள்ளி என்று தொகை எதுவும் வெளியிடவில்லை.

சிபிஎஃப் குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் முழு விகிதமான 37 சதவீதத்தால் கணக்குப் போட்டது. பிஆர் ஆன முதல் வருடம் முதலாளி 4, தொழிலாளி 5 சதவீதம். இரண்டாம் வருடம் 9, 15. மூன்றாம் வருடம்தான் 17, 20 (55 வயது வரை). உங்கள் கம்பெனி முழு விகிதம் கட்ட எழுதிக்கொடுக்கவில்லை என்றால், 4,000 வெள்ளிக்கு இப்போது ஏறுவது 960. அதை 37 சதவீதமாக நினைத்தால் 2,595தான் வரும். ஆகவே பிஆர் கிடைத்த தேதி தெரியும் தாளையும் சேர்த்து வையுங்கள். விகிதம் மாறுவது அந்தத் தேதியிலேயே இல்லை, ஆண்டு நிறைந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதி. நடுவில் தொகை திடீரென்று ஏறியிருப்பதும் அதனால்தான், சம்பள உயர்வு என்று எழுதிவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கையும் சரிபாருங்கள். 4,000இல் உங்கள் பங்கு சிபிஎஃப் 600, சிண்டாவுக்கு (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 7 வெள்ளி போனால் 3,393 ஏற வேண்டும். ஓடி 300 வந்த மாதம் 4,300இல் 645உம் 7உம் போக 3,648. ஓடிக்கும் சிபிஎஃப் உண்டு, பலர் மறப்பது இது. இதற்கு மேல் வங்கியில் வந்திருந்தால் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவைத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும். அது சம்பளம் ஆகாது.

தேக்கா_அக்கா:
நோட்டீஸ் விஷயம். அது ஜனவரி முதல் டிசம்பர் வரை வந்த மொத்தம். போனஸ், 13ஆம் மாதச் சம்பளம், ஓடி எல்லாம் உள்ளே இருக்கும். 2025 மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2024இல் சம்பாதித்தது. 54,000ஐ 12ஆல் வகுத்து "மாதச் சம்பளம் 4,500" என்று படிவத்தில் நிரப்புவதுதான் பெரிய தப்பு, கம்பெனிக் கடிதத்தில் 4,000 என்று இருக்குமே! கடிதத்தில் உள்ளதையே எழுதுங்கள். திருத்திய நோட்டீஸ் ஏதும் வந்திருந்தால் பழையதைப் போடாதீர்கள்.

அந்த எச்ஆர் (மனிதவளப் பிரிவு) கடிதம்தான் முக்கியம். "மாதம் சுமார் 4,300" என்று மொட்டையாக எழுதிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அடிப்படை 3,600, நிலையான அலவன்ஸ் 400 என்று தனித்தனியாக, சேர்ந்த தேதி, பதவி, வேலை உறுதியாகிவிட்டதா என்பதெல்லாம் இருக்கட்டும். ஓடியை மாறக்கூடியது என்று தனி வரியில் போடச் சொல்லுங்கள். ஷிஃப்ட் எண்ணிக்கையைப் பொறுத்து அலவன்ஸ் மாறுமானால் அதை நிலையானது என்று எழுதக் கூடாது, பேஸ்லிப் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, பெயர். நம் ஆட்களுக்கு ஐசியில் (அடையாள அட்டை) அப்பா பெயர் முழுதாக, பேஸ்லிப்பில் இனிஷியல் மட்டும். கடிதத்தில் ஐசியில் உள்ளபடி பெயரும் எண்ணும் வரட்டும்.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. பழைய கம்பெனி பேஸ்லிப் சில மாதம் கைவசம் இல்லை. கேட்டால் தருவார்களா?

சம்பளக்கணக்கர்:
கேளுங்கள். 2016 ஏப்ரல் 1 முதல் விவரமான பேஸ்லிப் தருவது கட்டாயம். விலகியவரின் கடைசி இரண்டு வருடப் பதிவை, விலகிய பிறகும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். ஐந்து மாதம்தானே ஆகிறது, சாக்கு சொல்ல முடியாது. அதுவரை சிபிஎஃப் வரலாற்றை சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) வழியாக எடுத்தால் இரண்டு முதலாளிகளும் மாதவாரியாகத் தெரியும். இடையில் ஒரு மாதம் காலியாக இருந்தால், எந்தத் தேதி விட்டு எந்தத் தேதி சேர்ந்தீர்கள் என்று ஒரு வரி விளக்கம் போதும்.

மாதத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். போன மாதச் சந்தாவைக் கட்ட முதலாளிக்கு 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு, அதற்கு முன் எடுத்தால் கடைசி மாதம் விடுபட்டிருக்கும்.