கழுத்து முறிந்தவருக்கு உதரவிதான பேஸ்மேக்கர் பயன்படுமா?

கேள்வி:
விபத்தில் கழுத்தின் இரண்டாம் எலும்பு முறிந்த என் தம்பி, ஒன்பது மாதங்களாக வென்டிலேட்டரில் இருக்கிறான். நினைவு தெளிவாக இருக்கிறது. கை கால்கள் அசைவதில்லை, தானாக மூச்சுவிடவும் முடியவில்லை. குழாய் கழன்று எச்சரிக்கை மணி அடிக்கும் இரவுகளில் அவன் கண்கள் என்னைத்தான் தேடுகின்றன. நரம்பை மின்சாரத்தால் தூண்டி மூச்சுவிட வைக்கும் கருவி அவனுக்குப் பயன்படுமா?

பதில் 1:
வணக்கம். நான் நரம்பியல் பிரிவில் பணிபுரிகிறேன். மூச்சை இழுக்கும் முதன்மைத் தசையான உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு, தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் 3, 4, 5ஆம் கூறுகளிலிருந்து புறப்படுகிறது. தம்பிக்கு அடி அதற்கு மேலே பட்டிருப்பதால், மூளையின் கட்டளை கீழே வராமல் நின்றுபோனாலும் அந்த நரம்பு உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால்தான் மின்துடிப்புக்குத் தசை சுருங்கும். வீக்கமோ இரத்தக்கசிவோ இறங்கி அந்த மூன்று கூறுகளையும் சிதைத்திருந்தால், எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை. ஆகவே விலையை விசாரிப்பதற்கு முன், கழுத்தில் நரம்பைத் தூண்டி உதரவிதானம் அசைகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

நரம்பிலேயே மின்முனை பொருத்தும் முறையை 1960களில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளென் உருவாக்கினார். இப்போது வயிற்றில் சிறு துளையிட்டு நுழைக்கும் லேப்பராஸ்கோப் வழியே உதரவிதானத்திலேயே மின்முனைகளைப் பதிக்கும் முறையும் உண்டு.

பதில் 2:
என் கணவருக்கு இதைப் பொருத்தியிருக்கிறோம். மாதக்கணக்கில் வேலையின்றிக் கிடந்த தசை மெலிந்திருந்ததால் முதல் நாள் சில நிமிடங்களிலேயே களைத்துவிட்டார். சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, பகல் முழுவதும் தாங்குவதற்குப் பல மாதங்கள் ஆயின. தொண்டைத் துளையை மூடி மூக்கு வழியே காற்றுப் போன அன்று, அடுக்களையில் பெருங்காயம் பொரிந்த மணத்தை முகர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் இருமும் வலுவை இந்தக் கருவி தருவதில்லை என்பதால், சளி உறிஞ்சும் இயந்திரமும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையும் இன்றும் கட்டிலருகே இருக்கின்றன.

பதில் 3:
மோட்டார் நியூரான் நோயாளிகளின் குடும்பத்தினரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: அந்த நோயில் நரம்பே அழிந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் 74 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், முகமூடி வென்டிலேட்டரை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட இக்கருவியும் பொருத்தப்பட்டவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சோதனை பற்றி நாளையே மருத்துவரிடம் கேட்கிறேன். ஒன்பது மாதங்கள் ஆகிவிட்டனவே, காலம் கடந்துவிட்டதா?

பதில் 1:
தாமதிக்கத் தாமதிக்கத் தசை மெலியும் என்பது உண்மை. ஆயினும் நரம்பு உயிரோடு இருந்தால் வழி அடைபடுவதில்லை. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்தது 1995இல். கிளீவ்லாந்தில் அவருக்கு மின்முனைகளைப் பதித்தது 2003இல்.