அலரி இலை எல்லாம் கொட்டுது, அவசரம்

உவர்மலை_வளவு:
வணக்கம். அலரி நட்டனான், இலை முழுக்கக் கொட்டிட்டுது. அம்மா பூசைக்கெண்டு ஆசையாக் கேட்டவ. என்ன பசளை போடலாம்? கெதியாச் சொல்லுங்கோ.

தம்பலகாமத்தான்:
எந்த அலரி? செவ்வலரியெண்டா ஆடு மாடு கவனம், இலை தின்டாச் செத்துப்போகும்.

உவர்மலை_வளவு:
அது இல்லை. கோயில் வாசலில நிக்குமே, வெள்ளைப் பூ, நடுவில மஞ்சள். சிங்களத்தில அரலியா.

மண்வெட்டி:
தடியா, கன்றா? நிலத்திலயா, சாடியிலயா? எப்ப நட்டது? படம் ஒண்டு போடுங்கோ.

கடலோரம்:
உப்புக்காத்துத்தான். என்ர முருங்கையும் இப்பிடித்தான் போனது.

மண்வெட்டி:
நிலாவெளிக் கரையில ஹோட்டல் வாசல் எல்லாம் இந்த மரம்தான் அண்ணை. அந்தளவு உப்பு இது தாங்கும்.

கடலோரம்:
அப்ப துரு நோய். மழைக்கு வாறது. விழுந்த இலையைப் பிரட்டிப் பாருங்கோ, அடியில செம்மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும்.

பழைய_கை:
கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. இந்த அலரியின் ஓர் இனமான ப்ளுமேரியா ரூப்ராவுக்கு இலை நுனி கூர். வரட்சி வந்தால் இலை உதிர்ப்பது அதன் இயல்பு. இன்னோர் இனமான ஒப்டுசாவுக்கு நுனி வட்டம், பெரும்பாலும் உதிர்க்காது. இது கூடத் தெரியாமல் மரம் வளர்க்க வந்துவிடுகிறார்கள்.

மண்வெட்டி:
ஐயா, இப்ப கார்த்திகை. திருகோணமலையில முழங்கால் வெள்ளம். வரட்சி எங்க?

தம்பலகாமத்தான்:
ஈழத்தலரி எண்டு எங்கட பேரிலயே இருக்கிற மரம். இந்த மண்ணில வராட்டி வேற எங்க வரும்?

ராக்குருவி:
பேர்தான் எங்கட. மரம் மெக்சிக்கோ, கரீபியன் பக்கத்துச் சாமான். ப்ளுமியே எண்ட பிரெஞ்சுக்காரற்ற பேரில இருந்துதான் ப்ளுமேரியா வந்தது.

தம்பலகாமத்தான்:
மிளகாயும் அந்தப் பக்கம்தான். கறிக்குப் போடாமல் விடுறீங்களோ?

ராக்குருவி:
நான் போடவேண்டாம் எண்டனானே? ஆனா கள்ள மரம். ராவில வாசத்தைக் கூட்டி அந்துப்பூச்சியைக் கூப்பிடும். அது வந்து ஒவ்வொரு பூவாத் தேடும், உள்ள ஒரு சொட்டுத் தேன் இல்லை.

உவர்மலை_வளவு:
மன்னிக்கோணும், கரண்ட் இல்லை. தடிதான். ஐப்பசிக் கடைசியில சித்தி வீட்டில வெட்டி, அண்டைக்கே வளவில நட்டனான். காலமையும் பின்னேரமும் தண்ணி விடுறன்.

மண்வெட்டி:
இந்த மழைக்கு மேலயுமா! வெட்டுவாய் காயாமல் பாலோட மண்ணுக்குள்ள போனா அழுகத்தான் செய்யும். அடித்தண்டைப் பெருவிரலால அமத்திப் பாருங்கோ.

உவர்மலை_வளவு:
விரல் உள்ள போகுது. புளிச்ச மணம்.

மண்வெட்டி:
பசளையை மறவுங்கோ. பிடுங்கி, அழுகினதை வெட்டுங்கோ. வெட்டுமுகத்தில மண்ணிறம் ஒரு புள்ளியும் இல்லாமல் வெள்ளையா வரும் வரைக்கும் மேல மேல வெட்டோணும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கோ. பால் கண்ணில படப்படாது. மிச்சத் தடியை நனையாத இடத்தில 2 கிழமை காயவிட்டு, சாடியில பாதிக்குப் பாதி ஆத்துமணல் கலந்து நடுங்கோ. நட்டண்டைக்கு ஒருக்காத் தண்ணி, பிறகு இலை வாறவரை மண் நல்லாக் காஞ்சாத்தான். வேர் பிடிச்சாப்பிறகு 6 மணித்தியால வெயிலாவது வேணும், இல்லாட்டிப் பூ காணமாட்டியள்.

கடலோரம்:
கொஞ்சம் யூரியாவும்...

மண்வெட்டி:
வேண்டாம். யூரியாவுக்கு இலைதான் வரும், பூ வராது.

உவர்மலை_வளவு:
முக்கால் அடி மிஞ்சினது. குசினி யன்னல்ல சாத்தி வைச்சிருக்கு. அம்மா விறகெண்டு நினைச்சு அடுப்புக்கு எடுத்திட்டா, ஓடிப்போய்ப் பறிச்சனான். நன்றி.

பழைய_கை:
இலை நுனி கூரா, வட்டமா என்று இன்னும் சொல்லவில்லை.