பழைய ஃபயர் ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருந்தவர்கள் சொல்லுங்கள்

சிவகாசி செல்வி

ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. எண்பதுகளின் கடைசி. காலையில் ரோல் கால், அப்புறம் டிரில், ஹோஸைக் கழுவித் தொங்கவிடுவது எல்லாம் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். உங்களில் பலருக்கும் பழகிய காட்சிதான்.

ஒரு பங்குனி மதியம் எங்கோ பட்டாசு ஆபீஸ் (பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வெடித்து வண்டி போனது. பொழுது சாயும் நேரத்தில் திரும்பியது. எங்களைக் கண்டால் கை ஆட்டுகிற டிரைவர் மாமா அன்றைக்கு இறங்கவே இல்லை. புருவம், காது மடல், சட்டை எல்லாம் அலுமினியப் பவுடர் மின்னியது. அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுபோய், "அண்ணே, குடிங்க" என்று நீட்டினார். மாமா வாங்கி, வெளியே கையை நீட்டி, அந்த மோரை ஊற்றிக் கையைக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார்.

அன்று அவர் எதைத் தொட்டுத் தூக்கினார் என்று கேட்கிற வயசு எனக்கில்லை. இன்றுவரை மோர் கடையும்போது அந்தக் கைதான் கண்ணில் வருகிறது.

சூளைவாசி

செல்வி அக்கா, நீங்கள் ஹோஸ் என்றதும் எனக்குச் சென்னை மூர் மார்க்கெட்தான் ஞாபகம் வந்தது. 1985 மே மாதம் எரிந்தது. எங்கள் மாடி போர்ஷனில் ஒரு ஃபயர்மேன் அண்ணா குடியிருந்தார். இரண்டு நாளாக வீட்டுக்கு வராததால் சாப்பாட்டுக் கேரியரை என்னிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஹோஸையெல்லாம் தரையில் விரித்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரிச்சேறோடு சேர்ந்து எரிந்த காகிதத் துண்டுகள் சிமெண்ட் தரையில் ஓடின. பழைய புத்தகக் கடைகள்தான் அங்கே எத்தனை! ஒரு துண்டில் எண்கள் வரிசையாகத் தெரிந்தன, லாகரிதம் அட்டவணை. அண்ணா குனிந்து அதைப் பொறுக்கி, கிழியாமல் கைப்பிடிச் சுவரில் ஒட்டினார். "எஸ்.எஸ்.எல்.சி. புக் பூரா நான் அங்கதான்டா வாங்கினேன்" என்றார். கேரியரைத் திறக்கவே இல்லை.

அந்த இடத்தில் இப்போது ரயில்வே கட்டடம் நிற்கிறது. சென்ட்ரலில் இறங்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பக்கம் போய்விடும்.

ராசிபுரம் தோட்டத்துக்காரர்

நம்ம பக்கம் தீயைவிடக் கிணறுதான் அதிகங்க. சுவர் இல்லாத கிணற்றில் எங்கள் சினை மாடு விழுந்துவிட்டது. ஃபயர் சர்வீஸ் வந்தது. ஒருத்தர் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்த்தார். காற்று கெட்டுப்போன கிணறா இல்லையா என்று அதில்தான் தெரியும். அப்புறம் வாட்ச்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பழைய ஹோஸைப் பட்டை மாதிரி வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு பக்கமும் முடிய வேண்டும். மாடு உதைத்ததில் அவர் முழங்கைத் தோல் உரிந்து தொங்கியது. "இரு சாமி, இரு சாமி" என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே கட்டினார். ஊரே சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தவர் ரத்தத்தைக்கூடத் துடைக்கவில்லை. எங்கள் பாட்டியிடம், "கன்னு அசையுதான்னு தொட்டுப் பாருங்க ஆத்தா" என்றார். பாட்டி கை வைத்துப் பார்த்துத் தலையாட்டியதும்தான் வாட்ச்சைக் கேட்டு வாங்கினார்.

ஊர்ப்பெயர் வேண்டாம்

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸ் வெடித்தது. உள்ளே என் பெரியம்மா. வண்டி வந்தும் கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே ஓடப் பார்த்த பெரியப்பாவை ஒரு ஃபயர்மேன் இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா அவர் தோளைக் கடித்தார். பல் பதிந்தும் அந்த ஆள் பிடியை விடவில்லை. பெரியம்மா வரவில்லை.

இன்றைக்கும் சிவப்பு வண்டி எதிரே வந்தால் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். தள்ளி நிற்பதற்கா அவர்களுக்குச் சம்பளம்?

குவார்ட்டர்ஸ் பையன்

உங்கள் பெரியம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. என் அப்பா லீடிங் ஃபயர்மேனாக இருந்தவர்.

பட்டாசு ஆபீஸில் ஒரு ரூம் வெடித்தால் அத்தோடு நிற்காது. பொறி பறந்து அடுத்த ரூம், அதற்கடுத்த ரூம் என்று போகும். அலுமினியப் பவுடர் எரிகிற இடத்தில் தண்ணீர் அடித்தால் இன்னும் மோசமாகும். சிவகாசி பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆபீஸை மறந்துவிட்டீர்களா? 2012 செப்டம்பர் 5. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடியவர்கள் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் கணிசமானவர்கள் அப்படி ஓடிப்போனவர்கள்தான். உங்கள் பெரியப்பாவைக் கட்டிப் பிடித்தவர் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகக் கஷ்டமான வேலையைச் செய்திருக்கிறார்.

சித்திரை முதல் தேதி ஊரெல்லாம் புது வருஷம் கொண்டாடும். எங்கள் வீட்டில் அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்த பிறகுதான் பாயசம். ஏப்ரல் 14 அவர்களுக்குத் தீத்தொண்டு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் தீ. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். அப்பா பம்பாயைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த 66 பேருக்காக வருஷா வருஷம் சலவைக் காக்கியில் வெயிலில் நிற்பார். ஒரு வருஷம் காய்ச்சலோடு போய் நின்றார். போக வேண்டாம் என்று அழுத அம்மாவிடம், "கிட்டப் போயி செத்தவங்களுக்காக இன்னிக்கு ஒரு நாள் நிக்கக் கூடாதா?" என்றார். அந்தக் குரல் எனக்கு மறக்காது.

மதுரை சரஸ்வதி டீச்சர்

தீபாவளி அன்று பக்கத்து வீட்டுக் கூரையில் ராக்கெட் விழுந்தது, ஸ்டேஷன் தம்பிகள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும் பிள்ளைகளே.

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள். வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடி, ஆறுகிறவரை திறக்காமல் விடுங்கள். சேலையில் நெருப்புப் பிடித்தால் ஓடாதீர்கள், தரையில் படுத்து உருளுங்கள். கெட்டியான பருத்தி ஜமுக்காளத்தைச் சுற்றலாம், நைலான் ஆகாது. தீக்காயத்தில் பேனா மை, பற்பசை, மாவு எதுவும் பூசாதீர்கள். ஓடுகிற சாதாத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். 101-க்கு அழைத்தால் பதற்றத்தில் போனை வைத்துவிடாமல் தெருவையும் பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள். தெருமுனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழி காட்டினால் பாதி வேலை முடிந்தது. வாசலை அடைத்து பைக் நிறுத்தாதீர்கள். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஊர்ப்பெயர் வேண்டாம்

குவார்ட்டர்ஸ் பையன், நீங்கள் எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "அன்னிக்கு என்னைப் பிடிச்சுக்கிட்ட அந்தப் பையன் பேரு என்னன்னு விசாரி" என்றார். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தென்காசி முருகேசன்

மணியைப் பற்றி யாருமே எழுதவில்லையே! ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஹோஸின் பித்தளை மூட்டுகளைப் பளபளவென்று தேய்த்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பொரியும் சுண்டலும் வாங்கியதும் தெருப் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். மணிக் கயிற்றை ஆளுக்கு ஒரு தடவை இழுக்கலாம். நான் இழுக்கிற முறை வந்தபோது நிஜமாகவே ஃபயர் கால் வந்துவிட்டது. வாட்ச் ரூமிலிருந்து ஆள் ஓடி வர, எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கிவிட்டார்கள். வாழைக்கன்றோடு வண்டி பறந்தது. என்னை இறக்கிவிட்ட அண்ணாச்சி, "அடுத்த வருஷம் மொத ஆளு நீதாம்ல" என்று கத்திக்கொண்டே ஏறினார்.

சொன்னபடியே அடுத்த வருஷம் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அந்த மணி வைத்த வண்டியோடு படம் எடுத்தவர்கள் இருந்தால் போடுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.