செல் அளவை மாற்றினால் 21 செ.மீ. பவர் ஸ்பெக்ட்ரமும் மாறுகிறது: உதவி தேவை

பெங்களூருவில் மறு அயனியாக்கத்தில் (முதல் விண்மீன்களின் ஒளி பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை அயனியாக்கிய கட்டம்) வேலை செய்யும் தமிழ் நண்பர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

என் சிமுலேஷன் பெட்டியின் பக்கம் 300 மெகாபார்செக். அடர்த்திப் புலம் 768³, அயனியாக்கம் 256³. அதாவது ஒரு செல் சுமார் 1.17 மெகாபார்செக். எக்ஸ்கர்ஷன் செட் முறை: ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பல ஆரங்களில் ஃபோட்டான்களை எண்ணி, அங்குள்ள ஹைட்ரஜனுக்குப் போதுமானால் அதை அயனியான குமிழியாகக் கொள்வது. செல்களை 128³ ஆக்கி, சராசரி அயனியாக்கம் அதே 50 சதவீதத்தில் நிற்கும்படி திறன் அளவுருவை (மூலங்கள் எவ்வளவு ஃபோட்டான் தருகின்றன என்பதற்கான எண்) திருத்திய பிறகும், பெரிய அளவுகோல்களில் இரண்டு பவர் ஸ்பெக்ட்ரம் வளைகோடுகளும் (ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ சிக்னல் எந்த அளவுகோலில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டுபவை) ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

அடிப்படைக் காரணம் தெரிந்ததுதான். குமிழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மிஞ்சும் ஃபோட்டான்களை இந்த முறை பக்கத்துச் செல்லுக்குத் தள்ளாமல் தொலைத்துவிடுகிறது. புனேயில் உருவான ஸ்கிரிப்ட் (SCRIPT) என்ற கணினி நிரல் அந்தக் கணக்கை நேர்செய்கிறது. ஒரே அடர்த்திப் புலத்தை எக்ஸ்கர்ஷன் செட், ஸ்கிரிப்ட் இரண்டிலும் கொடுத்து ஓட்டியவர்கள் உண்டா? புலத்தைச் சராசரியாக்கும் டாப்-ஹாட் வடிகட்டிக்கு (கூர்மையான எல்லையுள்ள கோளம்) பதில் ஷார்ப்-கே (ஃபூரியர் வெளியில் கூர்மையாக வெட்டுவது) போட்டால் வித்தியாசம் எவ்வளவு குறையும்?

ஒப்பிட முன்வருபவர்களுக்கு ஒன்று: பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவான ஒளியியல் ஆழம் (நுண்ணலைப் பின்னணி ஒளி வழியில் எலக்ட்ரான்களால் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 0.054 ± 0.007-உடன் பொருத்தும்போது நிறை எடையிட்ட அயனியாக்கத்தையே எடுங்கள். அடர்ந்த பகுதிகள் முதலில் அயனியாவதால், கன அளவு எடையில் மதிப்பு இறங்கிவிடும். ஹீலியம் தரும் கூடுதல் எலக்ட்ரான்களும், சுமார் 8 சதவீதம், விட்டுப்போகக் கூடாது.

அடர்த்திக் கோப்பு 1.8 ஜிபி; கேட்டால் அனுப்புகிறேன். சனிக்கிழமை மல்லேஸ்வரம் பக்கம் நேரில் உட்கார்ந்து பார்க்கவும் தயார்.